தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய்

முன்னொரு காலத்தில் கார் ஓட்டுவதென்பது இரு கைகளுக்கும் இரு கால்களுக்கும் ஓயாத வேலையாக இருந்தது. இடக்கால் கிளச்சை மிதிக்கும்; வலக்கால் பெற்றோலை அளந்து விடும்; வலக்கை ஸ்ரியரிங்கைப் பற்றியிருக்க, இடக்கை கியர்த் தண்டை அசைக்கும். இந்நான்கையும் ஒன்றோடொன்று இசைய இயக்கப் பழகியவரே நல்ல சாரதி எனப்பட்டார். இன்று இலங்கையின் தெருக்களில் ஓடும் யப்பானியக் கார்களுள் மிகப் பல, கியரைத் தாமே மாற்றிக்கொள்பவை. அவற்றில் கிளச்சு மிதி இல்லை. இடக்காலுக்கு வேலையும் இல்லை. இது பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் வசதி ஒன்று முன்வாசலால் நுழையும்போது கவனம் ஒன்று பின்வாசலால் வெளியேறிவிடுவது மனித இயல்பு. தானாக இயங்கும் பொருள் என்றும் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை ஒரு குடும்பத்தின் பயணத்தைக் கொண்டு விளக்கலாம்.

யாழ்ப்பாணத்திலே ஒரு குடும்பம். தந்தை, தாய், இரு பிள்ளைகள், பாட்டி ஆக ஐவர். தந்தை தமது சேமிப்பைக் கொண்டு, முன்னர் வேறொருவர் பாவித்த யப்பானியக் கார் ஒன்றை வாங்கினார். சித்திரை விடுமுறை வந்தது. நுவரெலியாவுக்குப் போவதென்று பிள்ளைகளுக்கு வாக்களித்திருந்தார். அவர் கவனமற்றவர் அல்லர். புறப்படும் நாள் விடியற்காலையில் ரயர்களின் காற்றைப் பார்த்தார். ரேடியேற்றர் நீரைப் பார்த்தார். எஞ்சின் எண்ணெயைப் பார்த்தார். கியர்ப்பெட்டிக்கும் எண்ணெய் பார்க்கும் கம்பி ஒன்று உண்டெனக் கேள்விப்பட்டிருந்தமையால், அதனையும் உருவிப் பார்த்தார். எண்ணெய் மேற்கோட்டை எட்டியிருந்தது. மனநிறைவோடு கம்பியைச் செருகிவிட்டுப் பயணத்தைத் தொடங்கினார்.

ஏ-9 வீதியில் தம்புள்ளை வரை ஏறக்குறையச் சமதரை. கார் குறையேதும் காட்டவில்லை. மாத்தளை, கண்டி கடந்து, பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக மலையேறத் தொடங்கியபோதுதான் மாற்றம் தெரிந்தது. இறம்பொடை வளைவுகளிலே எஞ்சின் உரத்துக் கூவியது. காரோ அதற்கேற்ற வேகத்தில் முன்னேறவில்லை. அக்சிலேற்றரை மேலும் அழுத்தினால் ஓசை மேலும் பெருகிற்றேயன்றி வேகம் பெருகவில்லை. “தம்பி, கார் ஏன் இப்படி அலறுது?” என்று பின்னாசனத்திலிருந்து பாட்டி கேட்டார். “ஏற்றம் அம்மா, வேறொன்றுமில்லை” என்று தந்தை சொன்னார். அடுத்த வளைவில் கார் முற்றாக நின்றுவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு, பின்னால் பஸ்கள். பெற்றோல் இருந்தது, எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சில்லுகளுக்கு வலு வந்து சேரவில்லை. காலையில் நிறைந்திருந்ததாகக் கம்பி காட்டிய எண்ணெய் எங்கே போயிற்று?

இதற்கு விடை காண, அந்தப் பெட்டிக்குள் எண்ணெய் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

எஞ்சினிலுள்ள எண்ணெயின் தலையாய பணி, உராய்வைத் தணிப்பது. தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய்க்கோ பணிகள் பல. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் சுழலவிட்டால், அது வீசுங் காற்றினால் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்குவதைப் பலர் கண்டிருக்கலாம். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தால், எஞ்சினுக்கும் கியருக்கும் இடையேயுள்ள இணைப்பின் தத்துவம் விளங்கும். இவ்வமைப்பைக் கராஜ்களில் ‘டோர்க் கொன்வேட்டர்’ என்பர். இத்தத்துவத்துக்கு 1905ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றவர் ஹேர்மன் பொட்டிங்கர் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர். அவர் கருதியது காரையன்று, கப்பலை. பிற்காலத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம், எண்ணெயினால் இணைக்கப்படும் ‘ஹைட்ராமற்றிக்’ என்னும் தானியங்கிக் கியர்ப்பெட்டியை 1940ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் கார்களில் பொருத்தி விற்றது. அந்நிறுவனத்தின் பியூயிக் கார்களில் 1948ஆம் ஆண்டில் டோர்க் கொன்வேட்டரும் இடம்பெற்றது.

வலுவைக் கடத்துவதோடு எண்ணெயின் பணி முடிந்துவிடுவதில்லை. எஞ்சினால் சுழற்றப்படும் பம்பு ஒன்று, அடித்தட்டிலே தேங்கியிருக்கும் எண்ணெயை உறிஞ்சி அமுக்கத்துடன் வழிகளிலே செலுத்துகிறது. அவ்வமுக்கமே உள்ளிருக்கும் கிளச்சுத் தட்டுகளை ஒன்றோடொன்று இறுகச் சேர்க்கிறது. கியர் மாறுவது இதனாலேயே. பற்சில்லுகளை உராயாமற் காப்பதும் அதே எண்ணெய். உள்ளே பிறக்கும் வெப்பத்தைச் சுமந்து சென்று, ரேடியேற்றரோடு சேர்ந்த குளிராக்கும் குழாயிலே விட்டுத் திரும்புவதும் அதே எண்ணெய். ஆகவே எண்ணெய் குறைந்தால் பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும், அமுக்கம் தளரும், தட்டுகள் இறுகப் பற்றாமல் வழுக்கும். வழுக்குந் தட்டுகள் சூடேறித் தீயும். சமதரையிலே சிறிய வலுவைத் தாங்கிய தட்டுகள், மலையேற்றத்திலே பெரிய வலுவைத் தாங்கமாட்டாமல் கைவிடுவதன் காரணம் இதுவே.

இனி, காலையில் கம்பி காட்டியது பொய்யா என்னும் வினா எழும். கம்பி பொய் சொல்லவில்லை. அது கேட்கப்பட்ட முறைதான் பிழை. எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் ஒரு பங்கு பம்பிலும் வழிகளிலும் டோர்க் கொன்வேட்டரிலும் சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் நின்றதும் அதிற் பெரும்பகுதி அடித்தட்டுக்கு இறங்கிவரும். அங்கே மட்டம் உயரும். அந்நிலையிற் கம்பியை உருவினால், குறைவான எண்ணெயும் நிறைவாகத் தோன்றும். எஞ்சின் எண்ணெயை எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பதே முறை. ஆனால் பெரும்பாலான தானியங்கிக் கியர்ப்பெட்டிகளின் எண்ணெயை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே பார்த்தல் வேண்டும். அத்தந்தை முன்னதன் முறையைப் பின்னதற்கும் கொண்டார். ஒரே பொனற்றின் கீழே இரண்டு கம்பிகள். இரண்டுக்கும் இரண்டு முறைகள்.

வெப்பமும் கவனிக்கத்தக்கது. எண்ணெய் சூடேறினால் விரியும், மட்டம் உயரும். குளிர்ந்த எண்ணெயின் மட்டத்தைச் சூடான எண்ணெய்க்குரிய கோட்டோடு ஒப்பிட்டால், குறைவில்லாதபோதும் குறைவெனத் தோன்றும். ஆதலால் கார் இருபது நிமிடமளவு ஓடி, எண்ணெய் 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடேறிய பின்னர் பார்ப்பதே பல வண்டிகளுக்கு உரிய முறை. சில கம்பிகளிலே சூட்டுநிலைக்கு ஓர் அடையாளமும் குளிர்நிலைக்கு மற்றோர் அடையாளமும் பொறிக்கப்பட்டிருக்கும். குளிர்நிலை அடையாளம் ஏறக்குறைய மதிப்பிடுவதற்கே. முடிவு செய்வது சூட்டுநிலை அடையாளமே.

முறையைப் படிப்படியாகச் சொல்வதானால், முதலில் காரைச் சமதரையிலே நிறுத்துதல் வேண்டும். கைப்பிரேக்கை இழுத்து, சில்லுகளுக்கு அணைகல் வைத்தல் வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, கால் பிரேக்கை அழுத்தியபடி, கியர்த் தண்டைப் ‘பீ’ என்னும் நிலையிலிருந்து ஒவ்வொரு நிலையிலும் ஓரிரு கணம் தரித்து நகர்த்தி, மீண்டும் ‘பீ’ நிலைக்கே கொண்டுவருதல் வேண்டும். இதனால் எண்ணெய் எல்லா வழிகளிலும் நிறையும். பின்னர் பொனற்றைத் திறந்து, சுழலும் விசிறியிலும் பட்டிகளிலும் உடையோ கையோ படாதவாறு கம்பியை உருவி, நூல் பிரியாத தூய சீலைத்துண்டினால் துடைத்து, முற்றாகச் செருகி, மீண்டும் உருவிப் பார்த்தல் வேண்டும். கம்பியின் இரு பக்கங்களும் வேறுபட்டால், குறைந்த பக்கத்தையே அளவாகக் கொள்ளுதல் நன்று. தூய சீலை என்பதை அற்பமாகக் கருதலாகாது. உள்ளிருக்கும் வால்வுகளின் வழிகள் மிக நுண்ணியவை. ஒரு சிறு நூலிழை, ஒரு மணற்றுகள் அவற்றைத் தடுக்கப் போதும்.

இம்முறைக்கு விலக்குகளும் உண்டு. ஹொண்டா கார்கள் பலவற்றில், எண்ணெய் சூடேறிய பின் எஞ்சினை நிறுத்தி, ஓரிரு நிமிடத்துக்குள் பார்த்தல் வேண்டும்; அவற்றின் கம்பிகள் அதற்கேற்பக் கோடிடப்பட்டவை. வேறு சில வண்டிகளில் ‘பீ’ நிலைக்குப் பதிலாக ‘என்’ நிலையிலே பார்க்குமாறு கூறப்பட்டிருக்கும். அண்மைக்காலக் கார்கள் பலவற்றில் கம்பியே இல்லை. குறித்த வெப்பநிலையில் அடியிலுள்ள மூடியைத் திறந்து, மிகையான எண்ணெய் வழிந்து நிற்பதைக் கொண்டு மட்டம் காண்பர். பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களிலும் கம்பி கிடையாது. இத்தகையவற்றை வீட்டு முற்றத்திலே திறந்து பார்க்க முயலாமல், தகுந்த கராஜில் விடுவதே அறிவுடைமை.

அளவோடு நிறத்தையும் மணத்தையும் நோக்குதல் வேண்டும். இவ்வெண்ணெய்க்குப் பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஊட்டப்பட்டிருக்கும். பிற எண்ணெய்களோடு மயங்காதிருக்கவும், கசிவை எளிதில் இனங்காணவும் செய்யப்பட்ட ஏற்பாடு அது. புதிய எண்ணெய் தெளிந்த செந்நிறமாயிருக்கும். பாவனையிலே சற்று இருள்வது இயல்பு. கருங்கபில நிறமும் தீய்ந்த மணமும் சேர்ந்திருந்தால், உள்ளே தட்டுகள் கருகத் தொடங்கிவிட்டன என்பது பொருள். பாலில் சிவப்பைக் கலந்தாற்போலக் கலங்கியிருந்தால், குளிராக்கும் குழாய் உடைந்து ரேடியேற்றர் நீர் எண்ணெயோடு கலந்துவிட்டது என்று கொள்ளலாம். அந்நிலையில் காரை ஓட்டவே கூடாது. சீலையிலே உலோகத் துகள்கள் மின்னினால் அதுவும் தீய குறியே. இம்மூன்று நிலைகளிலும் எண்ணெய் சேர்ப்பது மருந்தாகாது. பெட்டியையே பரிசோதித்தல் வேண்டும்.

இறம்பொடை வளைவிலே நின்ற குடும்பத்துக்கு இனித் திரும்பலாம். பயணிகளை ஏற்றிக்கொண்டு அவ்வழியே வந்த வான் ஒன்றின் சாரதி, பாதையோரம் நின்ற பாட்டியையும் பிள்ளைகளையும் கண்டு தமது வண்டியை நிறுத்தினார். அவர் நடுத்தர வயதினர்; அம்மலைப் பாதையில் நெடுங்காலம் ஓட்டிப் பழகியவர். அதற்குள் அங்கு கூடியவர்களிடமிருந்து யோசனைகள் பல பிறந்துவிட்டன. ஒருவர் கயிறு கட்டி இழுத்துச் செல்லலாம் என்றார். வான் சாரதி தடுத்தார். வலுப் பெறும் சில்லுகள் தரையிற் சுழல இத்தகைய காரை இழுத்துச் சென்றால், எஞ்சின் ஓடாமையால் பம்பு இயங்காது. எண்ணெய் பாயாமலே உள்ளுறுப்புகள் சுழன்று கெடும். மற்றொருவர் தம்மிடமிருந்த எஞ்சின் எண்ணெயைக் கொடுத்துதவ முன்வந்தார். “மனம் பெரிது அண்ணை, ஆனால் எண்ணெய் வேறு” என்று சொல்லி அதனையும் மறுத்தார். பயணிகள் விலகி நிற்க, சற்றுக் கீழே தெரிந்த சமதளத்துக்குக் காரைப் பிரேக்கிலே மெல்ல இறக்கச் செய்தார். கொதிப்பு ஆறும்வரை காத்திருந்து, எஞ்சினை ஓடவிட்டுக் கம்பியை உருவினார். நுனியிலே மட்டும் ஈரம் இருந்தது. முகர்ந்து பார்த்தார். தீய்ந்த மணம் இல்லை. “காலையில் எஞ்சினை நிறுத்திவைத்துத்தானே பார்த்தீர்கள்?” என்று அவர் கேட்டபோது தந்தைக்கு எல்லாம் விளங்கிற்று.

எந்த எண்ணெயை ஊற்றுவது என்னும் கேள்வி அடுத்து வந்தது. காருக்குரிய கைந்நூல் பெட்டியிலே இருந்தது. ஆனால் அது யப்பானிய மொழியில் இருந்தது. யப்பானின் உள்நாட்டுப் பாவனைக்காக ஆக்கப்பட்ட கார்களோடு வரும் கைந்நூல்கள் அம்மொழியிலேயே இருப்பதனால், இந்நாட்டில் எத்தனையோ நூல்கள் வாசிப்பாரின்றி உறங்குகின்றன. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் முதற் பாடமே உரியவருக்கு எட்டாமற் போவது வருந்தத்தக்கது. நல்லவேளையாக, எண்ணெயின் வகைப்பெயர் கம்பியிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. சாரதி அதனைத் துடைத்து வாசித்தார். தந்தை அதனை எழுதிக்கொண்டு, கீழே செல்லும் பஸ்ஸிலே புசல்லாவைக்குச் சென்று, அவ்வகை எண்ணெயையே வாங்கிவந்தார்.

எண்ணெய் வகையிலே இத்துணைக் கண்டிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கிளச்சுத் தட்டுகள் எவ்வளவு வழுக்கலாம், எக்கணத்தில் இறுகப் பற்றலாம் என்பதை எண்ணெயிற் சேர்க்கப்படும் பொருள்கள் தீர்மானிக்கின்றன. ஒரு காலத்திலே அதற்கெனத் திமிங்கில எண்ணெய் சேர்க்கப்பட்டது. அருகிவந்த திமிங்கிலங்களைக் காக்கும் பொருட்டு 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதனைத் தடுத்தபோது, ஈடான வேறொரு பொருளைக் காண்பதற்கு இரசாயனவியலாளர் பெரிதும் முயல வேண்டியிருந்தது. டொயோட்டாவின் ‘டீ-4’ வகையும் பின்வந்த ‘டபிள்யூ. எஸ்.’ வகையும் ஒன்றற்கு ஒன்று மாற்றல்ல. பட்டியினால் இயங்கும் ‘சீ. வீ. ரீ.’ கியர்ப்பெட்டிகளுக்கோ முற்றிலும் வேறான எண்ணெய் வேண்டும். சிவப்பாயிருப்பதெல்லாம் ஒன்றென்று கொள்வது, பாணி மருந்தெல்லாம் ஒன்றென்று கொள்வதை ஒக்கும்.

வான் சாரதி எண்ணெயை ஊற்றிய விதமும் கருதத்தக்கது. ஒரு லீற்றரை அப்படியே கவிழ்த்துவிடவில்லை. நீண்ட ஒடுங்கிய புனலைத் துடைத்து, கம்பி செல்லும் குழாயிலே பொருத்தி, ஒரு தேநீர்க் கோப்பையளவு ஊற்றினார். கியர்த் தண்டை எல்லா நிலைகளுக்கும் நகர்த்தச் செய்தார். சற்றுப் பொறுத்துக் கம்பியைப் பார்த்தார். மீண்டும் சிறிது ஊற்றினார், மீண்டும் பார்த்தார். சூட்டுநிலைக்குரிய கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் இடையேயுள்ள அளவு, பல கார்களில் அரை லீற்றருக்கு மேற்படாது. எண்ணெய் மேற்கோட்டை நெருங்கியதும் நிறுத்திக்கொண்டார். இன்னுஞ் சிறிது ஊற்றினால் நல்லதல்லவா என்று தந்தை கேட்டார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இப்பெட்டிக்கு முற்றும் பொருந்தும். மிகையான எண்ணெயைச் சுழலும் பற்சில்லுகள் அடித்து நுரையாக்கும். நுரையிலே காற்று மிகுதி. காற்று அமுங்கும் இயல்பினது. ஆகவே அமுக்கம் தளர்ந்து தட்டுகள் வழுக்கும். குறைவினால் விளையுங் கேடே மிகையினாலும் விளைகிறது.

எண்ணெய் நிறைந்ததும் கார் வலுப்பெற்றது. பிள்ளைகள் கைகொட்டினர். ஆனால் சாரதி அவர்களை உடனே போகவிடவில்லை. பெற்றோலைப் போல இவ்வெண்ணெய் எரிந்து தீர்வதன்று. குறைந்ததாயின் எங்கோ ஒழுகியிருத்தல் வேண்டும். அவர் குனிந்து தேடியபோது, ரேடியேற்றரின் அடிப்பக்கத்தில் குளிராக்கும் குழாயின் இறப்பர் இணைப்பு செந்நிறமாய் நனைந்திருந்தது. பற்றியிருந்த வளையம் தளர்ந்திருந்தது. அதனை இறுக்கிவிட்டு, நுவரெலியாவை அடைந்ததும் புதிய இறப்பரும் வளையமும் போடுமாறு சொன்னார். கைம்மாறாக எதனையும் பெற மறுத்து, காத்திருந்த தமது பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புறப்பட்டார்.

இத்தகைய ஒழுக்கை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரவிலே கார் நிற்குமிடத்தில் பழைய காகித அட்டை ஒன்றை விரித்துவைத்தால், காலையில் அது செய்தி சொல்லும். கருமையான துளி எஞ்சின் எண்ணெய். செந்நிறத் துளி கியர்ப்பெட்டி எண்ணெயாயிருக்கலாம். ஆனால் சில கார்களின் ரேடியேற்றர் நீரும் இளஞ்சிவப்பாயிருக்கும். விரலால் தொட்டுத் தேய்த்தால் எண்ணெய் வழவழப்பாய் ஒட்டி நிற்கும்; ரேடியேற்றர் நீர் தண்ணீர் போல இழையும். கையை உடனே கழுவிவிடுதல் வேண்டும். ரேடியேற்றர் நீர் நஞ்சு.

அக்குடும்பம் மாலைப்பொழுதில் நுவரெலியாவை அடைந்தது. அவர்களைக் காத்தது, தந்தை உரிய நேரத்தில் காரை நிறுத்தியமையே. இன்னுஞ் சில நிமிடம் வலிந்து ஏற முயன்றிருப்பின் தட்டுகள் கருகியிருக்கும்; சேமிப்பிலே எஞ்சியதும் கராஜுக்கே போயிருக்கும். அதனினும் பெரிது, மலைச்சரிவிலே வலுவிழந்த காருக்குள் ஐந்து உயிர்கள் இருந்தமை. ஊர் திரும்பிய பின் தந்தை ஒரு சிறு காரியம் செய்தார். கம்பியைப் பார்க்கும் முறையையும் எண்ணெயின் பெயரையும் தமிழிலே ஒரு தாளில் எழுதி, யப்பானியக் கைந்நூலின் முதற் பக்கத்தில் ஒட்டினார். ‘சமதரை, சூடான எண்ணெய், ஓடும் எஞ்சின், தூய சீலை’ என்பனவே அதிலிருந்த முதல் வரிகள். மாதத்துக்கு ஒருமுறை, கடைத்தெருவுக்குப் போய்வந்த சூட்டோடு, மூத்த மகன் அதனை உரக்க வாசிக்க, தந்தை கம்பியை உருவிப் பார்ப்பது அவ்வீட்டின் வழக்கமாயிற்று. அதற்குச் செலவாகும் நேரம் பத்து நிமிடத்துக்கு மேற்படுவதில்லை.